நாம் எப்போதுமே 'பெரும்பாலும் சைவம்'தான்: சேரித் தட்டின் வரலாறு

சில மாதங்களுக்கு முன் ஒரு மாணவர் வாசிப்பு வட்டத்தில் உணவு அரசியல் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். மாட்டுக்கறித் தடை, வீடு வாடகைக்குக் கேட்டால் "நீங்க வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?" என்ற கேள்வி, விடுதியில் தனித்தட்டு என்று எல்லோரும் தங்கள் அனுபவத்தைச் சொன்னார்கள். கடைசியில் செவிலியர் படிப்பு படிக்கும் ஒரு தங்கை கையைத் தூக்கினார்.

"அக்கா, நீங்க சொல்ற அரசியல் எல்லாம் சரி. ஆனா எங்க பாடத்துலயே கீரை, பயறு, காய்கறிதான் உடம்புக்கு நல்லது, கறி அதிகமானா இதய நோய் வரும்னு இருக்கே. அப்ப அவங்க சொல்றதுதானே சரி? நாம வீம்புக்குக் கறி திங்கிறோமா?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. "என்ன சாப்பிடுவது என்பது அவரவர் உரிமை" என்று நான் சொல்லிச் சமாளித்தேன். அது உண்மைதான், ஆனால் பதில் இல்லை. அவர் கேட்டது உரிமையைப் பற்றி அல்ல, உடம்பைப் பற்றி. இந்தக் கட்டுரை அவருக்கான தாமதமான பதில்.

சுருக்கமாகச் சொன்னால்: பெரும்பாலும் தாவர உணவு, அதோடு கொஞ்சம் முட்டை, மீன், கறி என்று சாப்பிடுவது உடலுக்கு நல்லது என்பது சரிதான். ஆனால் இந்த நாட்டில் அப்படிச் சாப்பிட்டு வந்தவர்கள் யார்? நாம்தான். நம் பாட்டன் பூட்டிகள் தினமும் ஆட்டுத்தொடை கடித்தவர்கள் அல்லர். கூழும் கஞ்சியும் கீரையும் குடித்தவர்கள். சண்டை எப்போதும் தட்டின் ஓரத்தில் இருந்த அந்தக் கொஞ்சத்தின் மேல்தான் நடந்திருக்கிறது. ஊட்டச்சத்து அறிவியலின் வரலாற்றைப் படித்தால், உடம்புக்கு மிகவும் வேண்டியிருந்ததும் அந்தக் கொஞ்சம்தான் என்று தெரிகிறது.

ஒரு மதத்தின் பெயர் உணவின் பெயரானது

முதலில் சொல்லைப் பார்ப்போம். கறி இல்லாத உணவுக்குத் தமிழில் 'சைவம்' என்று பெயர். ஒரு சமயத்தின் பெயர் உணவுக்குப் பெயராகிவிட்டது. அதற்கு வெளியே இருப்பது 'அசைவம்'. இல்லாமையைக் குறிக்கும் சொல். நாட்டின் பெரும்பான்மை மக்கள் சாப்பிடும் உணவுக்கு 'அது அல்லாதது' என்று பெயர் வைத்திருக்கிறோம். 2014-ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஏறத்தாழ 71 விழுக்காட்டினர் அசைவம் உண்பவர்கள். தமிழ்நாட்டில் அது 97 விழுக்காட்டுக்கும் மேல்.

சங்க காலத்தில் இந்தப் பிரிவினை இப்படி இல்லை. தன்னை அந்தணன் என்று சொல்லிக்கொண்ட கபிலர், ஊனும் சோறும் உண்டு பழகிய கை தன்னுடையது என்று சேர மன்னனிடம் கூசாமல் சொல்கிறார். புறநானூற்றில் இருக்கிறது. சமண, பௌத்த மரபுகள் கொல்லாமையை அறமாக முன்வைத்தன. பின்னர் வைதிகமும் அதைக் கையில் எடுத்துக்கொண்டது. அறமாக இருந்தது சாதிப் படிநிலையின் அளவுகோலாக மாறியது.

இந்த மாற்றத்துக்கு அண்ணல் அம்பேத்கர் ஒரு விளக்கம் தந்தார். தீண்டப்படாதோர் யார், அவர்கள் எப்படித் தீண்டப்படாதோர் ஆனார்கள் என்று கேட்டு அவர் எழுதிய நூல் 1948-இல் வெளிவந்தது. பழங்காலத்தில் பார்ப்பனர்களும் மாட்டிறைச்சி உண்டார்கள். பௌத்தத்தின் செல்வாக்கை வெல்வதற்காக அவர்கள் இறைச்சியைக் கைவிட்டு பசுவைப் புனிதமாக்கினார்கள். ஊருக்கு வெளியே வாழ்ந்த, பௌத்தத்தைப் பின்பற்றிய சிதறுண்ட மக்கள் மாட்டிறைச்சியை விடாததால் தீண்டாமைக்கு ஆளானார்கள் என்பது அவர் வாதம். வரலாற்றாசிரியர்கள் இதன் பகுதிகளோடு முரண்படலாம். ஆனால் 'தூய்மையான உணவு' என்பதற்கு ஒரு தொடக்கமும் ஒரு காரணமும் உண்டு, அது இயற்கையில் இருந்தது அல்ல என்று நமக்குக் காட்டியவர் அவர்.

சேரித் தட்டில் என்ன இருந்தது?

உங்கள் பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். காலையில் கேழ்வரகுக் கூழ் அல்லது பழைய சோறு. கடித்துக்கொள்ள வெங்காயம், பச்சை மிளகாய். வயலில் களை எடுக்கும்போது பறித்த பண்ணைக்கீரை, குப்பைக்கீரை, பொன்னாங்கண்ணி. பயறு இருந்தால் பயறு. அறுவடைக் காலத்தில் நெல்லுச்சோறு.

இது பத்தில் ஒன்பது பங்கு. மீதி ஒரு பங்குதான் விலங்குணவு: ஒரு துண்டு கருவாடு, மழைக்காலத்தில் வயல் நண்டும் நத்தையும், வாய்க்காலில் பிடித்த அயிரை மீன், எப்போதாவது ஒரு கோழி முட்டை, வாரச்சந்தை நாளில் மாட்டுக்கறி. ஊர்க்காரர்கள் நல்ல கறியை எடுத்துக்கொண்ட பிறகு மலிவாகக் கிடைத்த குடல், இரத்தம், ஈரல், சுவரொட்டி. குழம்பில் மிதந்த அந்த ஒரு துண்டுக்காகப் பிள்ளைகள் சண்டை போட்டது எத்தனை வீட்டுக் கதை!

மேல்சாதித் தட்டிலும் தாவரம்தான் பெரும்பங்கு. ஆனால் அங்கே பாலும் தயிரும் மோரும் நெய்யும் தினமும் உண்டு. அவையும் விலங்கிலிருந்து வருபவைதான். அந்தச் சைவத்தைத் தாங்கிப் பிடித்தது மாடு. அந்த மாட்டுக்குப் புல் அறுத்துப் போட்டவர், தொழுவத்தில் சாணி அள்ளியவர், செத்த பிறகு தூக்கிச் சென்றவர் யார் என்பது நமக்குத் தெரியும். அவர்கள் வீட்டுக்குப் பால் வரவில்லை. பசு 'நமக்கெல்லாம் தாய்' என்றார்கள். பால் மட்டும் எல்லோருக்கும் கிடைக்கவில்லை.

எனவே 'சைவ உணவு உடம்புக்கு நல்லதா?' என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை. பருப்பும் நெய்யும் தயிரும் பழமும் உள்ள சைவமும் சைவம்தான். வெறும் சோறும் மிளகாய்த் துவையலும் சைவம்தான். இரண்டும் உடம்புக்கு ஒன்றைச் செய்வதில்லை.

1877: ஒரு பவுண்டு தானியம்

சென்னை மாகாணத்தில் உழைக்கும் மக்களின் வயிற்றுக்கு எவ்வளவு போதும் என்ற கேள்வி அரசு ஆவணங்களில் பெரிய விவாதமானது 1876–78 பஞ்சத்தில்தான். தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் சொன்னது இதைத்தான். வைஸ்ராய் லிட்டன் பிரபு பஞ்சச் செலவைக் கட்டுப்படுத்த சர் ரிச்சர்ட் டெம்பிளை இங்கே அனுப்பினார். நிவாரண வேலை செய்யும் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என்று டெம்பிள் முடிவு செய்தார். ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். மண் சுமக்கும், கல் உடைக்கும் ஆளுக்கு அது.

சென்னையின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் இதை எழுத்து மூலம் கடுமையாக எதிர்த்தார். தானியத்தின் அளவு கூட வேண்டும், தானியம் மட்டும் போதாது, பருப்பு போன்ற புரத உணவும் காய்கறியும் வேண்டும் என்பது அவர் வாதம். வேலை முகாம்களில் மக்கள் எலும்பும் தோலுமாகி விழுந்தார்கள். பிறகுதான் கூலி உயர்த்தப்பட்டது. பஞ்சத்தில் செத்த லட்சக்கணக்கானோரில் நிலமற்ற கூலிகளே மிகுதி.

"இந்த ஊர் ஏழைக்குத் தானியம் போதும், அவன் உடம்பு அப்படிப் பழகியது" என்ற எண்ணம் டெம்பிளோடு முடிந்துவிடவில்லை. ரேஷன் கடையில் அரிசி மட்டும் கொடுத்துவிட்டுப் பசி தீர்ந்தது என்று கணக்கெழுதும் ஒவ்வொரு முறையும் அது திரும்ப வருகிறது.

குன்னூரின் எலிகள்

அடுத்த கட்டம் நீலகிரியில். 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்கரிசன் என்ற இராணுவ மருத்துவர் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து ஊட்டச்சத்து ஆய்வகமானது. 1958-இல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. இந்தியாவின் ஊட்டச்சத்து அறிவியல் பிறந்த இடம் ஒரு தமிழ் மலையூர்.

மெக்கரிசனின் புகழ்பெற்ற சோதனை எலிகளை வைத்து நடந்தது. சீக்கியர், பட்டாணியர், மராத்தியர், கூர்க்கர், கன்னடர், வங்காளி, மதராசி என்று ஏழு வட்டார உணவுகளை ஏழு எலிக்கூட்டங்களுக்குக் கொடுத்தார். சீக்கியர் உணவு தின்ற எலிகள் மிக நன்றாக வளர்ந்தன. வரிசையின் கடைசியில் இருந்தவை மதராசி உணவு தின்ற எலிகள்.

இதை அன்றைய ஆங்கிலேயர்கள் 'போர்க்குணம் கொண்ட இனங்கள்' என்ற தங்கள் கதைக்குச் சான்றாக்கிக்கொண்டார்கள். ஏழு 'இனங்களுக்கும்' ஒவ்வோர் உணவு என்று பிரித்ததிலேயே சாதியும் வர்க்கமும் மறைந்துபோயின. மதராசி உணவு என்றால் யாருடைய உணவு? மயிலாப்பூர் வக்கீலுடையதா, செங்கல்பட்டுப் பண்ணையாளுடையதா? அந்தக் கேள்வியை எலிகளிடம் கேட்க முடியாது.

ஆனாலும் அந்தத் தட்டுகளைக் கவனமாகப் பாருங்கள். முதலிடம் பெற்ற சீக்கியர் உணவில் முழுக் கோதுமைச் சப்பாத்தி, பருப்பு, காய்கறி, பால், வெண்ணெய் இருந்தன. கறி வாரத்துக்கு ஒரே ஒரு நாள். அதாவது அதுவும் 'பெரும்பாலும் சைவம்'தான். கடைசி இடத்தில் இருந்த மதராசி உணவின் அடிப்படை, தீட்டிக் கழுவிய வெள்ளை அரிசி. அதில் பால் மிகக் கொஞ்சம். அதுவும் 'பெரும்பாலும் சைவம்'தான். ஒரே பெயர் கொண்ட இரண்டு தட்டுகள், ஒன்று வரிசையின் தலையில், இன்னொன்று காலில்.

இன்னொரு சோதனையும் உண்டு. இங்கிலாந்தின் ஏழைத் தொழிலாளர் சாப்பிட்ட வெள்ளை ரொட்டி, மார்ஜரின், ஜாம், சர்க்கரை போட்ட தேநீர், மலிவான டின் இறைச்சி, வேகவைத்த காய் ஆகியவற்றை ஓர் எலிக்கூட்டத்துக்குக் கொடுத்தார். அவை வளர்ச்சி குன்றின, நோயில் விழுந்தன, ஒன்றையொன்று கடித்துத் தின்னத் தொடங்கின. அந்த உணவில் இறைச்சி இருந்தது. ஆகவே 'கறி இருந்தால் பலம்' என்று நாம் மார்தட்டுவதற்கும் குன்னூர் இடம் தரவில்லை. தானியம் எவ்வளவு தீட்டப்பட்டது, அதோடு பருப்பும் கீரையும் உண்டா, பாலோ முட்டையோ மீனோ கறியோ கொஞ்சமாவது உண்டா என்பதே கேள்வி.

புழுங்கலரிசியின் கதை

மெக்கரிசனுக்குப் பிறகு 1935-இல் குன்னூர் ஆய்வகத்தின் பொறுப்பை ஏற்றவர் வாலஸ் அய்க்ராய்டு. அவர் காலத்தில் தெளிவான ஒரு செய்தி நமக்கு முக்கியமானது.

சென்னை மாகாணத்தின் வடக்கே, இன்றைய ஆந்திரக் கடலோர மாவட்டங்களில் பெரிபெரி பரவலாக இருந்தது. கால் மரத்துப்போகும், வீங்கும், இதயம் நின்றும்போகும். தமிழ்ப் பகுதிகளிலும் அரிசிதான் முக்கிய உணவு, ஆனால் இங்கே அந்த நோய் அந்த அளவுக்கு இல்லை. காரணம், அங்கே எல்லோரும் உண்டது இயந்திர ஆலையில் தீட்டிய பச்சரிசி. இங்கே உழைக்கும் மக்கள் உண்டது புழுங்கலரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள தயமின் என்ற பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதன்பின் தீட்டினாலும் கழுவினாலும் முழுதாகப் போவதில்லை.

நம் நாட்டில் பச்சரிசிக்குத்தான் மரியாதை. படையலுக்கும் சடங்குக்கும் பச்சரிசி. புழுங்கல் ஒருமுறை வெந்தது, அதனால் ஆசாரத்துக்கு ஆகாது என்பார்கள். சோறு கறுப்பாக, தடிப்பாக, வாசனையோடு இருந்தால் அது 'கூலிக்காரன் சோறு'. ஆய்வகம் சொன்னது: உடம்பைக் காத்தது அந்தக் கூலிக்காரன் சோறுதான். இங்கே கறியே பேச்சில் இல்லை. தாவர உணவுக்குள்ளேயே எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று சாதி வகுத்த வரிசைக்கும் ஊட்டச்சத்தின் வரிசைக்கும் தொடர்பில்லை. கேழ்வரகும் கம்பும் கேவலம் என்று சொல்லப்பட்டு, இன்று 'சிறுதானியம்' என்று பெயர் மாற்றிக் கண்ணாடிப் புட்டியில் இருமடங்கு விலைக்கு விற்கப்படுவதும் இதே கதையின் தொடர்ச்சி.

கீரையும் ஈரலும்

1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். துணி ஆலைத் தொழிலாளர் குடும்பங்களின் கர்ப்பிணிகள் கடுமையான இரத்தசோகையால் செத்துக்கொண்டிருந்தார்கள். ஏழ்மையும் மோசமான உணவுமே இதன் பின்னணி என்று அவர் கண்டார். குன்னூரிலும் எலிகளை வைத்து ஆராய்ந்தார். ஈஸ்டிலிருந்து எடுக்கும் மலிவான மார்மைட்டைக் கொடுத்ததும் அந்தப் பெண்கள் தேறினார்கள். அதில் இருந்த பொருளை 1941-இல் வேறு ஆய்வாளர்கள் கீரையிலிருந்து பிரித்தெடுத்து, 'இலை' என்று பொருள்படும் லத்தீன் சொல்லை ஒட்டி ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். கர்ப்பிணிகளுக்கு இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்தோடு சேர்த்துத் தரும் மாத்திரையில் இருப்பது இதுதான். நம் பாட்டி களை பறிக்கும்போது மடியில் கட்டிவந்த கீரையிலும் இது இருந்தது.

ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் மைனாட், மர்ஃபி என்ற இரு மருத்துவர்கள் இன்னொரு வகை இரத்தசோகையோடு போராடினார்கள். அந்த நோய் வந்தவர்கள் பிழைத்ததில்லை. 1926-இல் அவர்கள் கண்ட மருந்து ஈரல். தினமும் ஏறத்தாழ கால் கிலோ ஈரலைச் சாப்பிடச் சொன்னார்கள். நோயாளிகள் எழுந்து நடந்தார்கள். 1934-இல் விப்பிளோடு சேர்த்து அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஈரலில் இருந்த அந்தப் பொருளைத் தனியாகப் பிரித்தெடுத்தது 1948-இல். அதுதான் பி12 வைட்டமின்.

1948. அம்பேத்கரின் நூல் வந்த அதே ஆண்டு. இறைச்சி உண்டதால் ஒரு மக்கள் கூட்டம் எப்படித் தள்ளிவைக்கப்பட்டது என்று அவர் எழுதிய ஆண்டில்தான், உடம்புக்கு இன்றியமையாத ஒரு சத்து விலங்குணவில் மட்டுமே நம்பத்தக்க அளவில் இருக்கிறது என்பதை அறிவியல் கையில் பிடித்தது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பில்லை, ஆனால் நாம் இரண்டையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

பி12 குறைந்தால் இரத்தம் குறையும், கைகால் மரத்துப்போகும், மறதி வரும், குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கும். ஈரலில் இது கொட்டிக் கிடக்கிறது. மீன், கருவாடு, முட்டை, கறியில் உண்டு. பாலிலும் ஓரளவு உண்டு. கீரையில் உள்ளது ஒன்று, ஈரலில் உள்ளது வேறொன்று. ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. பழைய சோற்றிலேயே பி12 எல்லாம் இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி இருந்துவிடாதீர்கள். பழைய சோறு நல்லது, ஆனால் அந்த வேலைக்கு அது போதாது.

இது ஏழைகளின் பிரச்சினை மட்டும்தானா என்றால் இல்லை. புனேயில் 441 ஆண்களிடம் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு பி12 குறைவாக இருந்தது. கிராமத்தவர், குடிசைப் பகுதியினர், நகர நடுத்தர வர்க்கம் என்று பிரித்துப் பார்த்தபோது மிக மோசமாக இருந்தது நடுத்தர வர்க்கம், 81 விழுக்காடு. பணமும் பாலும் இருந்தும் அப்படி. சைவ உணவுக்காரர்களுக்குக் குறைபாட்டின் வாய்ப்பு பல மடங்கு. சாதித் தூய்மை அதைக் கடைப்பிடிப்பவர் உடம்பையும் விட்டுவைக்கவில்லை.

மகத்தில் சொன்னதை மறக்கக் கூடாது

இங்கே ஓர் எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு 'கறி தின்பதே புரட்சி' என்று எளிதாக முடிவுக்கு வந்துவிடக் கூடாது. 1927 மார்ச்சில் மகத்தில் கூடிய மக்களிடம் அண்ணல் கேட்டுக்கொண்டவற்றில் ஒன்று, செத்த மாட்டின் இறைச்சி உண்பதைக் கைவிடுங்கள் என்பது. இன்னொன்று, பிறர் போடும் எச்சில் உணவுக்குக் கையேந்தாதீர்கள் என்பது. செத்த மாட்டைத் தூக்குவது, அதன் தோலை உரிப்பது, அதன் கறியைத் தின்பது எல்லாம் நம் முன்னோர் விரும்பித் தேர்ந்தவை அல்ல. சுமத்தப்பட்டவை. பசியால் ஏற்கப்பட்டவை. நோய் தந்தவையும்கூட. தமிழ்நாட்டிலும் 'இனி மாடு தூக்க மாட்டோம்' என்று சொன்னதற்காக அடிபட்ட சேரிகள் எத்தனை!

எதைத் தின்ன வேண்டும் என்று திணிப்பதும், எதைத் தின்னக் கூடாது என்று தடுப்பதும் ஒரே கையின் வேலை. வள்ளலார் வழியிலோ பௌத்த வழியிலோ கறியை விட்ட குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் தேர்வை மதிப்போம். பருப்பு, பயறு, கீரை, பால் ஆகியவற்றோடு, மருத்துவர் சொன்னால் பி12 மாத்திரையும் எடுத்துக்கொண்டால் அவர்களும் நலமாக வாழலாம்.

ஒரு முட்டைக்கு எத்தனை ஆண்டுகள்

இனி நம் காலத்துக்கு வருவோம். 1920-இல் நீதிக்கட்சிக் காலத்தில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தந்தது. 1956-இல் காமராசர் அதை மாநிலம் முழுக்கக் கொண்டுசென்றார். 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டமாக விரித்தார். இவ்வளவு காலமும் தட்டில் இருந்தது சோறு, சாம்பார். 1989-இல் கலைஞர் ஆட்சியில்தான் இரு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது. படிப்படியாகக் கூடி 2010-இல் வாரத்துக்கு ஐந்து முட்டையானது. முட்டை வேண்டாம் என்ற பிள்ளைக்கு வாழைப்பழம். யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, யாருக்கும் மறுக்கவும் இல்லை.

ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் முழுமையான புரதமும் பி12-உம் இருக்கின்றன. ஓட்டோடு வருவதால் அதில் தண்ணீர் கலக்க முடியாது, பாதியைத் திருட முடியாது. பாலில் இரண்டும் நடக்கும். கூலிக்குப் போகும் தாய்மார்கள் நிறைந்த ஊரில் வேலை செய்யும் யாருக்கும் இந்த முட்டையின் மதிப்பு தெரியும்.

இதே முட்டை மத்தியப் பிரதேசத்தில் 2015-இல் அங்கன்வாடிக்கு வர இருந்தபோது முதலமைச்சர் சிவராஜ் சிங் சவுகான் மறுத்துவிட்டார். ஆதிவாசிப் பிள்ளைகளின் ஊட்டச்சத்துக் குறைவு மிக அதிகமாக உள்ள மாநிலங்களில் ஒன்று அது. கர்நாடகத்தில் 2021 டிசம்பரில் வடகிழக்கு மாவட்டப் பள்ளிகளில் முட்டை தொடங்கியதும் மடாதிபதிகள் எதிர்த்தார்கள். முட்டை கேட்டு மேடை ஏறியவர்கள் பள்ளி மாணவிகள். 2017 மே மாதம் சந்தையில் மாடு விற்கக் கட்டுப்பாடு விதித்து ஒன்றிய அரசு கொண்டுவந்த விதியை மதுரை உயர்நீதிமன்றக் கிளை நிறுத்திவைத்தது. அந்த நாட்களில்தான் சென்னை ஐ.ஐ.டி.யில் மாட்டுக்கறி விருந்தில் கலந்துகொண்ட ஆய்வு மாணவர் தாக்கப்பட்டார்.

இவர்கள் யாரும் பத்தில் ஒன்பது பங்கைத் தொடவில்லை. எல்லாத் தடையும் அந்தக் கடைசி ஒரு பங்கின் மேல்தான்.

அந்தத் தங்கைக்கு

உன் பாடப்புத்தகம் தவறில்லை தங்கையே. பிரிட்டனில் சுமார் 48,000 பேரை 18 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு 2019-இல் வெளியானது. கறி உண்பவர்களைவிட சைவ உணவுக்காரர்களுக்கு இதய இரத்தக்குழாய் நோய் 22 விழுக்காடு குறைவு. ஆனால் பக்கவாதம் 20 விழுக்காடு அதிகம். பி12 போன்ற சத்துகளின் குறைவு அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். அங்கே 'கறியைக் குறை' என்ற அறிவுரை தினமும் தட்டு நிறையக் கறி உண்பவருக்குச் சொல்லப்படுவது. அதே அறிவுரையை வாரம் ஒருநாள் கருவாடு காண்பவருக்குச் சொன்னால் அது மருத்துவம் இல்லை.

2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை. தமிழ்நாட்டில் பெண்களில் 53 விழுக்காடு. கறி உண்ணும் மாநிலத்திலேயே இப்படி என்றால், 'அசைவர்' என்று கணக்கில் எழுதப்பட்டவர் தட்டில் கறி எத்தனை முறை வருகிறது என்று கேட்க வேண்டாமா? வீட்டில் ஒரு முட்டை இருந்தால் அது ஆணுக்கும் பையனுக்கும் போய், குழம்பின் மிச்சம் அம்மாவுக்கும் அக்காவுக்கும் போவதையும் கேட்க வேண்டும். அதில் நம் வீடும் குற்றவாளிதான்.

கீரையிலும் கேழ்வரகிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் எளிதில் சேராது. கறியில், ஈரலில், சுவரொட்டியில் உள்ளது எளிதில் சேரும். கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் குறையும். அரிசியில் குறைவான புரதக் கூறு பருப்பில் உண்டு, பருப்பில் குறைவானது அரிசியில் உண்டு, ஆகவே இரண்டையும் சேர்த்து உண்ண வேண்டும். நீ செவிலியராகப் போகும் ஊரில் இதைச் சொல். 'கறி சாப்பிடாதே, கீரை சாப்பிடு' என்று சொல்லாதே. 'கீரையும் சாப்பிடு, முட்டையும் சாப்பிடு, ஈரல் கிடைத்தால் விடாதே, வெள்ளை அரிசியைக் குறை' என்று சொல்.

படிக்கும் மற்றவர்களுக்கு இரண்டு வேலைகள். உங்கள் ஊர்ப் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வாரத்துக்கு எத்தனை முட்டை வர வேண்டும், எத்தனை வருகிறது என்று கேட்டுக் குறித்து வையுங்கள். பிறகு உங்கள் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சின்ன வயதில் ஒரு வருடத்தில் எந்த மாதம் என்ன சாப்பிட்டார், அது எங்கிருந்து வந்தது, யாருக்கு எவ்வளவு கிடைத்தது என்று எழுதி வாங்குங்கள். குன்னூரில் எலிகளுக்கு எழுதி வைத்த உணவுக் கணக்கை நம் பாட்டிகளுக்கு இதுவரை யாரும் எழுதவில்லை.

ஜெய் பீம்.